எட்டாவது இழை

எங்கள் அருப்புக்கோட்டையில் ஐரோப்பியக் கலைக் கண்காட்சி நடந்தது என்று சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை. பாலவனத்தம் போகிற சாலையில், முன்பு பஞ்சுப் பொதி அடுக்கியிருந்த கிட்டங்கியில் பன்னிரண்டு நாள் நடந்தது. கலைஞர்கள் ஒன்பது பேர், நாடுகள் ஆறு, படைப்புகள் இருபத்து மூன்று. மின்விசிறிகள் ஆறு, அதில் ஓடியவை நாலு.

அந்தக் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலை என் மகளுக்குக் கிடைத்திருந்தது. ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்துவிட்டு, ஒன்பது வருடமாக ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடையில் பன்னிரண்டு நாள் லீவு கேட்டாள். போனால் திரும்பி வரவேண்டாம் என்றார்கள். போய்விட்டாள். இந்த வேலையைச் சரியாகச் செய்தால் கண்காட்சியோடு கொச்சிக்கும் சென்னைக்கும் எட்டு மாதம் கூட்டிப்போவார்கள். அதை முடிவுசெய்கிறவர் குழுவின் தலைவி, போர்ச்சுகல் நாட்டு அம்மாள். செய்யாவிட்டால் என்ன என்று அவளிடம் பதினோரு முறை கேட்டிருப்பேன். பதில் சொல்லவில்லை.

திறப்பு நாளன்று நரிக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் காலையில்தான் போக முடிந்தது. வாசலில் ஒரு பலகை, உள்ளே ஒரு பலகை, இரண்டிலும் 'தொடாதீர்கள்' என்று தமிழில் எழுதியிருந்தது. இரண்டையும் படித்தேன்.

முதலில் ஒரு வெள்ளைத் திரை. அதில் ஒன்றுமே வரையவில்லை. பக்கத்துக்குப் பதினான்கு ஆணி. அடுத்து போலந்துக்காரர் எடுத்த புகைப்படங்கள், எல்லாம் ஆளில்லாத பஸ் நிறுத்தங்கள். முப்பதும் சேர்ந்து ஒரே படைப்பாம். அதில் ஒன்றுகூட எம்.ரெட்டியபட்டி நிறுத்தத்தைவிட மோசமில்லை. ஒரு வீடியோத் திரையில் ஒரு பெண் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். நிமிடத்துக்குப் பன்னிரண்டு. எனக்குப் பதினெட்டு ஓடுகிறது. அது வேறு கவலையாகிவிட்டது.

கடைசி அறையில் அந்த இழைகள். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, நெஞ்சு உயரத்தில், தறியில் பாவு விரித்ததுபோல வெள்ளை நூல் நெருக்கமாகக் கட்டியிருந்தது. அங்கங்கே சில இழைகள் அறுந்து தொங்கின. சுவரில் ஒரு அட்டை: இழைகள் 480, அறுந்தவை 7. செய்தவர் அந்தப் போர்ச்சுகல் அம்மாள்.

எண்ணாமல் என்னால் வர முடியுமா? நாலு நாலாக எண்ணினேன். நானூற்று எண்பது சரியாக இருந்தது. அறுந்தவை எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். ஏழு இழைகளின் நுனி பிசிறி, தூசி ஏறியிருந்தது. எட்டாவதின் நுனி மட்டும் புதிது.

கூட்டத்தில் எவனோ கையை வைத்திருக்கிறான். மகள் கவனிக்கவில்லை. மூன்று மணிக்கு அந்த அம்மாள் மதுரையிலிருந்து வருகிறார் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். வந்து எண்ணினால் என்ன ஆகும்?

மகள் முன்னறையில் கல்லூரிப் பெண்கள் ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். என் வேலை தாலுகா ஆபீஸில் முடிந்தது என்றாலும் கை பழகியது தறிவீட்டில். தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் ஒரு இழையை உருவினேன். அறுந்த இரண்டு முனைக்கும் நடுவில் அதை வைத்து, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு, இந்தப் பக்கம் ஒரு முடிச்சு. இழுத்துப் பார்த்தேன். மற்ற இழைகளைப்போலவே விறைத்து நின்றது. ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அந்தப் பெண்கள் போனதும் மகளைக் கூப்பிட்டு, பெரிய காரியம் செய்தவனைப்போலக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாள் எந்த ஊரில் காட்சி திறந்தாலும் முதல் நாள் எல்லோர் முன்னாலும் தன் கையால் ஒரு இழையை அறுப்பாராம். ஏழு ஊருக்கு ஏழு. அட்டை பழையது, புது அட்டை மூன்று மணிக்கு அவரோடு வருகிறது. நான் சேர்த்துவைத்தது எங்கள் ஊர் இழை.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் மகள் தமிழுக்கு மாறிவிடுவாள்.

"ரெண்டு போர்டும் உங்க கண்ணுல படலையாப்பா?"

"பட்டுச்சு. அது ஊர்க்காரங்களுக்குன்னு நெனச்சேன்."

"நீங்க எந்த ஊரு?"

முடிச்சை அறுத்து ஒட்டிழையை எடுத்துவிட்டால் தீர்ந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். கையையும் நீட்டிவிட்டேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அது அவுக அறுத்தது. நாம அறுத்துட்டு அவுக அறுத்ததுன்னு காட்டச் சொல்றீங்களா? கொச்சிக்குப் போனாலும் அது எனக்குத் தெரியும்ல?"

சாலையோர டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குள் இருபத்தாறு பஸ் போனது. ஒன்பது வருடம் பில் போட்ட பெண்ணைத் திரும்பவும் பில் போட அனுப்பிவிட்டேன் என்றே ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டு போனதுபோல இருந்தது. இப்போது அந்த பில்லும் இல்லை.

அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். மகள் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாள். அவர் நேரே கடைசி அறைக்குப் போனார். டீக்கடையிலிருந்து எழுந்து நானும் பின்னால் போனேன். குனிந்து தேடினார். முடிச்சைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் காட்டினேன். என் துண்டு பலமுறை துவைத்தது. அந்த நாலு விரற்கடை மட்டும் லேசாகப் பழுப்பாகத் தெரிந்தது.

ஏன் கட்டினீர்கள் என்று கேட்டார். மகள் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"கணக்குல ஒண்ணு கூடியிருந்துச்சு. எம்பொண்ணு மேல பழி விழுந்துருமேன்னு கட்டிட்டேன்னு சொல்லு," என்றேன்.

மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். முப்பத்து மூன்று வருடம் கோப்பு எழுதியவனுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். முதல் பாதியை மட்டும் சொன்னாள். பிறகு, பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான், தவறு என்னுடையது என்று சேர்த்துக்கொண்டாள். அவள் விட்டதை நானே என் ஆபீஸ் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். நான் வருவதற்குள் இதை நீ அறுத்திருக்கலாமே என்று கேட்டார். அது உங்கள் இழை என்றாள் மகள்.

அவர் முடிச்சின்மேல் விரலை ஓட்டினார். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இது இப்படியே இருக்கட்டும், இந்த ஊருக்கு வேறொன்றை நீ அறு என்றார். மகள் நெடுநேரம் தேர்ந்தெடுத்தாள். வலது ஓரத்திலிருந்து எழுபத்து மூன்றாவது. 'ட்டு' என்று சின்னச் சத்தம். புது அட்டையில் பேனாவால் கூடுதலாக எழுதினார்கள்: அறுந்தவை 8, சேர்ந்தது 1. கணக்கு பொருந்தியது.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில் மகள் என் பீரோவைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆதார் நகல் வேண்டுமாம். ரயில் டிக்கெட் போடக் கேட்டிருக்கிறார்கள். கீழ்ப் படுக்கையாகக் கேட்டாயா, எத்தனை பெட்டி கொண்டுபோகிறாய், கொச்சியில் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாகக் கேட்டேன். நகலைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.