பல்தடம் விடாமல் ஒரு பிருடை

டெல்லி முனிர்காவில், மூன்றாம் மாடி பால்கனியில், வாஷிங் மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தியின் மரம் கடையும் லேத் இருந்தது. வாஷிங் மெஷின் எங்கே என்கிறீர்களா? ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். அவர் மனைவி ருக்மிணி அதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

ஒரு மத்திய அமைச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷம் நகல்களை மூலத்தோடு ஒப்பிட்டு 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தியவர் வைத்தி. மூலத்தில் பிழை இருந்தால் நகலிலும் அதே பிழை இருக்க வேண்டும், திருத்தினால் மெமோ. ஓய்வு பெற்றதும் வீணைக்கு மரப்பாகங்கள் கடைகிற பித்து பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் சப்பாத்திக் குழவியாகக் கேட்டு வாங்கிப் போனார்களே தவிர, அவர் கடைந்த ஒரு துண்டுகூட ஒரு வீணையில் ஏறவில்லை. ஒரே ஒரு தடவை ஏறிவிடாதா என்று அந்த மனுஷன் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கீழ்வீட்டு ஜ்யோத்ஸ்னா ஒரு நாள் தன் வீணையின் பிருடையோடு வந்தாள். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற மர முளை அது.

"இது நிக்கவே மாட்டேங்குது அங்கிள். முறுக்கினா ஜல்தி வழுக்கிடுது. ஞாயித்துக்கிழமை கோயில்ல கச்சேரி. புதுசு ஒண்ணு பண்ணித் தர முடியுமா?"

"மாதிரி குடுத்துட்டியோன்னோ? கவலையை விடு."

ஷீஷம் மரக்கட்டையை லேத்தில் மாட்டினார். உளி பிடித்தார். இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் நிறுத்தி, காலிப்பரால் அளந்தார். பழைய பிருடை துளையில் உரசி உரசி இடுப்பு மெலிந்து ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. லேத் உருண்டையாகத்தானே கடையும்? அரத்தை எடுத்து அரை நாள் உட்கார்ந்து அந்தச் சப்பையையும் கொண்டுவந்தார். தலையில் நாலு பல்தடம். ஜ்யோத்ஸ்னா நாலு வயதில் கடித்தது. அதையும் ஆணியால் குத்தி இறக்கினார். உப்புத்தாள் போட்டு, எண்ணெய்த் துணியால் தேய்த்து, பழைய அழுக்கு நிறம்கூட ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை காலை அவள் வீணையைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டிப் பார்த்தாள். தந்தி தொய்ந்தது.

"அச்சச்சோ, பழசு மாதிரியே வழுக்குதே!"

வைத்தியின் முகம் மலர்ந்தது. "அப்படியே இருக்கோன்னோ?"

அட தெய்வமே! "முதல்ல நீ மாட்டினது பழசா புதுசா, பாரு" என்றாள் ருக்மிணி. மேஜையில் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். கடைந்தவருக்கே தெரியவில்லை. இரண்டையும் மாட்டினார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வழுக்கின. வைத்தி பூரித்துப் போனார், ஜ்யோத்ஸ்னாவின் கண்ணில் நீர் கட்டியதைப் பார்க்கும்வரை.

"அந்தப் பொண்ணு கேட்டது நிக்கற பிருடை. நீங்க வழுக்கறதுக்கு நகல் எடுத்திருக்கேள்" என்று ருக்மிணி இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "துளையைப் பாத்துக் கடையுங்கோ."

"மாதிரி இல்லாமலா?" வைத்தி உளியைக் கீழே வைத்துவிட்டார். எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார். ஜ்யோத்ஸ்னாவுக்குத் தமிழ் எழுத வராது. கச்சேரி நோட்டீஸின் பின்னால் இந்தியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தேதியை அவர் போட்டுக்கொண்டார்.

வீணையை வாஷிங் மெஷின் மேல் கிடத்தினார்கள். கொஞ்சம் கடைவார், சாக்பீஸ் பூசித் துளையில் செருகுவார், எங்கே தொடுகிறது என்று பார்ப்பார், மறுபடி பால்கனிக்கு ஓடுவார். சாயங்காலத்துக்குள் பதினேழு நடை.

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தவர் ஒரு பாட்டும் கேட்கவில்லை. கண் பிருடையிலேயே இருந்தது. அது கடைசிவரை அசையவில்லை.

கச்சேரி முடிந்து ஜ்யோத்ஸ்னா அவரிடம் வந்தாள். "மத்த மூணு பெரிய பிருடையையும் மாத்திடலாம் அங்கிள்."

பழக்கதோஷம், வைத்தி கையை நீட்டினார். "மாதிரி?"

அவள் அவர் கடைந்த பிருடையைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான்."

வைத்திக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்ள நேரமாயிற்று.

"சரி. அதுவரைக்கும் இதைக் கடிச்சுவைக்காதே" என்றார்.