நாற்பத்தாறாம் கல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலும் சொல்வார்கள், வேலை பார்த்த இடங்களிலும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாயால் ஒரு பெண்ணுக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

மரக்காணம் பக்கம் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது, ஊர்ப் பலகைகளும் கிலோமீட்டர் கற்களும் நடும் வேலையை எங்கள் கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். நான் சூப்பர்வைசர். கையில் அளவுச் சக்கரம், ஜீப்பில் பெயின்ட் டப்பா, தலையில் கனம். டீக்கடையில் யாராவது வாயைக் கிளறினால் போதும், பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன்.

"பாண்டிச்சேரிக்கு இத்தனை கிலோமீட்டர்னு போர்டு வெக்கிறீங்க. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே பாண்டிச்சேரி வந்துடுதே சார்" என்று ஒரு நாள் ஒருவர் கேட்டார்.

"ஏம்பா, ஊரு எல்லை வரைக்குமா அளப்பாங்க? ஊருக்குள்ள ஒரு இடத்தை பூஜ்யம்னு குறிச்சி வெச்சிருப்பாங்க. அது வரைக்கும் அளந்ததுதான் போர்டுல இருக்கும்."

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பலகை போய்ச் சேரும் ஊரைப் பார்த்து எண்ணும், கல்லோ ரோடு புறப்பட்ட இடத்திலிருந்து எண்ணும் என்றேன். இந்த ரோட்டுக்கு இப்போது புது நம்பர் கொடுத்து, புறப்படும் இடத்தையும் தெற்கே தள்ளி வைத்துவிட்டார்கள், அதனால் எல்லாக் கல்லிலும் ஏழு குறையும் என்றேன். கடையில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெஞ்சுக்குப் பின்னால் தூக்குவாளியில் டீ வாங்க நின்றிருந்த பெண் மட்டும் தலையாட்டவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

"அப்போ எங்க நாப்பத்தாறு என்னா ஆவும் சார்?" என்றார்.

நாற்பத்தாறு என்பது அவர்கள் பாத்திகளுக்கு எதிரே இருந்த பழைய கல். பஸ் நிற்பது அங்கேதான். கண்டக்டர் "நாப்பத்தாறு எறங்கு" என்று குரல் கொடுப்பார். கல்யாணப் பத்திரிகையில்கூட '46ஆவது கல்' என்றுதான் விலாசம் போடுவார்கள். அவர்களுக்கு அது எண்ணே இல்லை, ஊர்ப் பெயர்.

"முப்பத்தொம்பது ஆவும்" என்றேன்.

"புதுக் கல்லுல ஓரமா சின்னதா நாப்பத்தாறுன்னும் எழுதிடுங்க சார். எங்காளுங்களுக்கு அதான் தெரியும்."

"ஏம்மா, உனக்கு வயசு கொறையுதுன்னா வேணாம்னா சொல்லுவே? ஏழு வயசு கொறைச்சிக் குடுத்திருக்கேன், சந்தோஷமா இரு."

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். தொல்லை விட்டால் போதுமென்று, "சரி சரி, எழுதிடுறேன், போ" என்றேன். பெயின்ட் டப்பா பத்தடி தூரத்தில் ஜீப்பில் இருந்தது. எழுதியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அந்த வாரமே பழைய கல்லைப் பிடுங்கி 39 நட்டோம். அவர் கேட்டது ஞாபகம் வந்தது. மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. இவர்களுக்கெல்லாம் வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து, சித்திரை வெயிலில், அவருடைய கணவர் உப்பு வாரிக்கொண்டிருந்தபோதே வாய் கோணிப் பாத்தியில் விழுந்தார். இந்தப் பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எந்த இடம் என்று கேட்டிருக்கிறார்கள். "மரக்காணம் தாண்டி நாப்பத்தாறாம் கல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்வார்?

வெளியூர் டிரைவர். கல்லைப் பார்த்துக்கொண்டே வந்து, புதுக் கல்லில் நாற்பத்தாறு என்று எழுதியிருந்த இடத்தில் சரியாக நிறுத்தியிருக்கிறார். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. ஆள் இல்லை. "கல்லு பக்கத்துலதாம்மா நிக்கிறேன், நீங்க எங்க இருக்கீங்க?" என்று போன் செய்தாராம். "நானும் கல்லு பக்கத்துலதான் நிக்கிறேன்" என்று இவர் அழுதாராம். நடுவே ஏழு கிலோமீட்டர். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதில் சந்தேகமில்லை. கணவருக்கு உயிருக்கு ஆபத்தில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என் மேலதான் சார் தப்பு. நம்பர் மாறிடுச்சின்னு நீங்க அன்னிக்கே படிச்சிப் படிச்சி சொன்னீங்க. பயத்துல பழசையே சொல்லிட்டேன். இவரை நானே கெடுத்துட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்தின வாய். "பரவால்ல விடும்மா. யாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

என் தப்புக்கு அவரை மன்னித்துவிட்டு வந்தேன்! இதை எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய் அந்தக் கல்லில், 39க்குக் கீழே, 46 என்று எழுதினேன். அவசரத்தில் ஆறு கோணிப்போனது. எழுதும்போது யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றிருந்தது.

போன மாதம் ஒரு வேலையாக அந்த வழியே பஸ்ஸில் போனேன். என்னை அடையாளம் கண்டு, முன் சீட்டிலிருந்து அந்தப் பெண் எழுந்து வந்தார். நாற்பத்தாறில் இறங்கும்போது கண்டக்டரிடம் என்னைக் காட்டி, "இந்த சார்தான் எங்க கல்லுல நம்பர் எழுதினவரு. சொன்னா சொன்ன மாதிரி செஞ்சிடுவாரு" என்றார்.

கல்லுக்குப் பக்கத்தில் அவர் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி ஏதோ சொல்ல, அவர் தலையை நிமிர்த்தி பஸ்ஸில் என்னைத் தேடினார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையை மட்டும் தூக்கி எனக்குக் கும்பிடு போட்டார்.

நானும் போட்டேன், இரண்டு கையாலும்.