சாலம்மாள் இடுப்பில் கட்டிய பெட்டி

உட்கார்ந்து வேலை செய்பவர் உழைக்காதவர் என்று உங்களுக்கு யார் சொன்னது? பாப்பாரப்பட்டியில் சாலம்மாளிடம் அதைச் சொன்னது தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவி. அதை நம்பியவர்கள் பெரிய படிப்பு படித்தவர்கள்.

சாலம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. புளி தட்டும் கொட்டகையில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்துவரை வலது கையில் சுத்தி, இடது கையில் புளி. அடித்து, கொட்டையை எடுத்து, நாரை உருவி எறிய வேண்டும். காலையில் மூட்டையைத் தலையில் ஏற்றிக் களத்தில் கொண்டுபோய்க் காயவைக்க வேண்டும். வெயில் தாழ்ந்ததும் அள்ளிக்கட்டித் திரும்பச் சுமக்க வேண்டும். மதியத்துக்கு ஒரு டீ. அவ்வளவுதான்.

மாசி மாதம் ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் ஒன்று வந்தது. கொட்டகையின் முப்பத்தெட்டுப் பெண்களும் ஒரு நாளில் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறார்கள் என்று நான்கு வாரம் அளப்பார்களாம். செலவு அதிகம் என்று தெரிந்தால் தினமும் மதியம் கேழ்வரகுக் களியும் முட்டையும் கிடைக்கும். போன வருடம் பசி மயக்கத்தில் இருமுறை சுருண்டு விழுந்த சாலம்மாளுக்கு அந்தக் களி சின்ன விஷயமல்ல.

ஆளுக்கொரு பெட்டியை இடுப்பில் கட்டினார்கள். உடல் அசைவதை வைத்து அது சக்தியைக் கணக்கிடுமாம். பென்னாகரத்துப் பட்டதாரி மாதவராஜ் காலையும் இரவும் வீடு வீடாகத் தராசோடு போய் அவர்கள் உண்பதை நிறுத்தார். அன்று என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதினார்.

நான்கு வாரம் முடிந்ததும் ஆய்வுத் தலைவர் காரில் வந்து இறங்கி முடிவைச் சொன்னார். இது அமர்ந்து செய்யும் லேசான வேலை, கூடுதல் உணவு தேவையில்லை என்றார். கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவர் அதே கொட்டகையில் புளி தட்டும் முனியம்மாள்.

"உங்க பொட்டி இடுப்புல உக்காந்திருக்குதுங்க சார். எங்க வேலை கையில நடக்குது. அதுக்கு என்னா தெரியும்?"

பெண்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. மாதவராஜின் நோட்டை வாங்கிப் புரட்டினார். "சாலம்மாள் யாரும்மா? ஞாயித்துக்கிழமை சும்மா இருந்தேன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே."

"ஆமாங்க சார், சும்மாதான் இருந்தேன்" என்றார் சாலம்மாள். "பத்துக் கொடம் தண்ணி எடுத்தேன், வெறவு பொறுக்கினேன், மாட்டுக்குப் புல்லறுத்தேன், துணி தொவைச்சேன். வேலைக்கு எங்கீங்க போனேன்?"

மாதவராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் அம்மா இப்படித்தான் சொல்வார். கூலி தராத வேலையை வேலை என்று சொல்ல இந்த ஊர்ப் பெண்களை யாரும் பழக்கவில்லை. அது தெரிந்தும் அவர் இன்னொரு கேள்வி கேட்காமல் "ஓய்வு" என்று எழுதியிருந்தார்.

ஆனால் அவருக்கு வெட்கம் இருந்தது. சாலம்மாளின் பெட்டியை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, சுத்தியை எடுத்து இருபது நிமிடம் புளி தட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெட்டி காட்டியது: ஓய்வு. பிறகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு களத்துக்கு நடந்தார். வெறுங்கையோடு நடந்தால் காட்டுவதையே அது காட்டியது. அதைக் கொண்டுபோய்த் தலைவரிடம் நீட்டினார்.

"ஒரு ஆளோட அனுபவம் ஆதாரம் ஆகாதுப்பா. உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட கருவி இது" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

ஆதாரம் அவர் கையிலேயே இருந்தது. அவருடைய கணக்குப்படி சாலம்மாள் நாளுக்கு 1,750 கலோரி உண்கிறார், 1,600 செலவிடுகிறார். அப்படியானால் எடை கூட வேண்டும். நான்கு வாரத்தில் 41 கிலோவிலிருந்து 39½ கிலோவாக இறங்கியிருக்கிறார். சாப்பாட்டை எடைபோட்டது அவர்கள் ஆள். உடம்பை எடைபோட்டதும் அவர்கள் தராசு. பள்ளிக்கூடப் பிள்ளை பிடித்துவிடும் தவறு பட்டங்களின் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் முட்டை வாங்க வேண்டியிருக்குமே!

இதைச் சரியாக அளக்க வழி இல்லாமலில்லை. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு வாரம் சிறுநீரைச் சோதிக்கலாம். அவை இரண்டும் உடலைவிட்டு வெளியேறும் வேகத்தில் உள்ள வித்தியாசம், உடல் எரித்த சக்தியைச் சொல்லிவிடும். சுத்தி அடித்தாலும் சுமை தூக்கினாலும் அதன் கணக்குக்குத் தப்பாது. மாதவராஜ் நிறுவனத்திடம் அதைக் கேட்டபோது, அந்தத் தண்ணீர் விலை அதிகம், புளி தட்டும் பெண்களுக்கு அதெல்லாம் தேவையில்லை என்று பதில் வந்தது. இந்த ஆணவத்துக்கு அறிவியல் என்று பெயர் வைக்காதீர்கள். அறிவியல் தன் கருவியையே முதலில் சந்தேகிக்கும்.

சாலம்மாள் இன்றைக்கும் மதியம் டீயோடுதான் சுத்தி பிடிக்கிறார். அறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இம்மாதக் கடைசிவரை யாரும் ஆட்சேபம் எழுதலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. எழுதுங்கள். பத்துப் பெண்களையாவது அந்தத் தண்ணீர் முறையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளந்து முடிக்கும்வரை களியையும் முட்டையையும் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு தபால் அட்டை போதும். இன்றே எழுதுங்கள்.