கழுவிவிட்டுப் போன பரிசோதனை

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வசிக்கிறோம். மாதவிலக்கு நின்று வெகுநாள் கழித்து எனக்கு உதிரம் பட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெண்ணுறுப்பின் உள்ளிருந்து நீர் எடுத்து, அதில் என்ஸைம் என்கிற ஒரு நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். புற்று இருந்தால் அது கூடுமாம். எனக்குக் கூடவில்லை.

"அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே, உடுக்கா" என்றாள் பக்கத்து வீட்டு ராணி.

உதிரம் நிற்காததால் மறுபடி போனேன்.

"போன தடவை வீட்டிலேர்ந்து கிளம்பும்போது உள்ளே கழுவினீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பின்னே, அப்படியேவா வந்து காட்டுவாங்க?" என்றேன்.

"அளக்க வேண்டியதையே கழுவிட்டு வந்திருக்கீங்க."

கழுவாமல் போனபோது அளவு எகிறியது. கருப்பையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான், ஆரம்ப நிலை. கருப்பையை எடுத்ததில் பிழைத்தேன்.

இன்று ராணிக்கு அதே பரிசோதனை. "குளிச்சிட்டு வந்துர்றேங்கா" என்றாள்.

"மேலுக்கு மட்டும் ஊத்திக்க" என்று சொல்லி, குளியலறை வாசலிலேயே காவல் நின்றேன்.