இடுப்பு உயரத்தில் கட்டிய நெற்கதிர்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில், எங்கள் வீட்டுப் புழக்கடைத் தாழ்வாரத்தில் குருவிகளுக்கு நெற்கதிர் கட்டினேன். அங்கே கிடந்த கட்டிலில் படுத்தபடியே வேடிக்கை பார்க்க வசதியாக, இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டேன்.

"செத்த மேல கட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"ஏட்டி, எனக்குல்ல கழுத்து வலிக்கும்!"

மறுநாள் காலை ஒரு குருவி வந்து கதிரில் உட்கார்ந்தது. அதே நொடி ஏதோவொன்று என் வயிற்றில் மிதித்துப் பாய்ந்தது. செண்பகத்தோப்புக் காட்டுப் புலியேதான் என்று அலறி, உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். மனைவி வெளியே நிற்பது பிறகுதான் உறைத்தது.

கதவைத் திறந்தேன். பூனையை விரட்டிய துடைப்பம் அவள் காலடியில் கிடந்தது. உள்ளங்கையில் குருவி, உயிரில்லை.

"பூனைக்கு எட்டுற உயரத்துலயா கட்டுவீக?"

குருவிக்கு நெல் வைத்ததாகத் தெருவெல்லாம் பீற்றியிருந்தேன். உண்மையில் பூனைக்குக் குருவி வைத்திருக்கிறேன்.

அன்றே ஏணி போட்டுக் கதிரை உத்தரத்தில் கட்டினேன். ஒரு வாரம் எந்தக் குருவியும் அண்டவில்லை. வாய் ஓயாமல் கேலி பேசும் நான், அந்த வாரம் யாரையும் சிரிக்கவைக்கவில்லை.