காந்துது என்ற சொல்

சிவப்பு மையில் ‘அர்த்தமற்றது’ என்று கிறுக்கிய ஒரு தாள் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கிறுக்கியவர் என் முனைவர் பட்ட நெறியாளர். அவருடைய பாராட்டு மலருக்கு நான் கட்டுரை தர வேண்டுமாம், செல்ல மாணவியாம். தூ!

சரியா தப்பா என்று சோதிக்க முடியாத வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது; இதுதான் அவர் வாழ்நாளெல்லாம் விற்ற சரக்கு. கடவுள், அழகு, நியாயம் எல்லாவற்றையும் இந்த ஒரே வாக்கியத்தால் கூட்டித் தள்ளுவார். சரி ஐயா, இந்த வாக்கியத்தை எதை வைத்துச் சோதிப்பது? இது தனக்குத்தானே பொருள் சொல்லுமா? என் ஆய்வேட்டின் கடைசி இயலில் இதைத்தான் கேட்டிருந்தேன்.

அதை அவரிடம் கொடுத்த வாரம் ஒரு கருத்தரங்குக்காகப் புதுச்சேரிக்குச் சேர்ந்து போனோம். வழியில் என் ஊரான மரக்காணத்தில் காரை நிறுத்தி, உப்பளம் பார்க்க வேண்டும் என்றார். அங்கே கூலி வேலை செய்யும் என் அம்மா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வரப்பில் ஏறி, வெடித்த பாதங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து மறைத்தபடி நின்றாள். காலில் என்ன என்று கேட்டார்.

“உப்புத் தண்ணிங்க. எந்நேரமும் காந்துதுங்க.”

அவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், “காந்துதாம்! இதை நான் எப்படிச் சோதிப்பது? பொருளற்ற வாக்கியம்” என்றார். ஷூவில் ஒட்டிய உப்பைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கையெழுத்துப் போடாமல் எனக்குப் பட்டம் கிடைக்காது.

“ஐயா இன்னாடி சொன்னாரு?” என்றாள் அம்மா.

“ஒண்ணும் சொல்லலம்மா.”

பொய்தான். ஆனால் அவர் விதிப்படியே பார்த்தால் அதுதான் உண்மை. தன் சோதனையிலேயே தேறாத விதியை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஒன்றுமே சொல்லவில்லை.

மறுவாரம் அந்த இயல், முதல் தாளில் அந்தச் சிவப்பு மைக் கிறுக்கலோடு திரும்பி வந்தது. காரணம் ஒரு வரிகூட இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு அதை எடுத்துவிட்டேன். பட்டம் வந்தது, வேலை வந்தது. அம்மா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள்.

மலர்க்குழுவின் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, அன்று அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அந்தாளு கெடக்கிறாரு. நீ இன்னாடி சொன்ன?”

“சிரிச்சேம்மா.”

அவள் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள், அன்று அவரிடமிருந்து மறைத்ததுபோலவே.

இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். சிவப்பு மைக்குக் கீழே ‘நானும் சிரித்தேன்’ என்று எழுதி, மலருக்கு அனுப்ப உறையில் போட்டு ஒட்டினேன்.