எழுந்து நின்ற அமைச்சர்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளியலறைக் கதவுக்குக் கீல் மாற்றியது. அவர் கதவைத் தூக்கிப் பிடித்தார், நான் திருகாணி முடுக்கினேன். முன்னாள் அமைச்சர் கதவு பிடிப்பதைப் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஆட்சியத்தான் தாங்க முடியல. கதவையாவது தாங்குங்க."

"நாலு துறை பார்த்தவன்டி நான்."

"நாலையும் பார்த்துக்கிட்டேதான இருந்தீங்க?"

போக்குவரத்து, மீன்வளம், நூலகங்கள், சிறைகள். அவர் பார்த்த துறைகள் இவைதான். இவற்றில் பெயர் வாங்கித் தந்தது போக்குவரத்து மட்டும். அதில் அவர் இருந்தது ஆறே வாரம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நட்டத்தில் ஓடும் பேருந்துத் தடங்களை நிறுத்த அரசு ஒரு சட்டமுன்வடிவு கொண்டுவந்தது. அவையில் முன்மொழிந்தவர் அப்பா. வாக்கெடுப்பில், "எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று அவைத்தலைவர் சொன்னபோது அப்பாவும் எழுந்து நின்றார். சொந்த முன்வடிவு, ஒரே வாக்கில் தோற்றது. பதவி போனது. ஆனால் அவர் தொகுதியின் மேட்டுக் குடியிருப்புக்குப் போகும் ஒரே பேருந்து நிற்கவில்லை. அதன் பிறகு ஐந்து தேர்தல்களிலும் மேட்டுக்காரர்கள் அவரைக் கைவிடவே இல்லை. கட்சி அவரை ஒதுக்கப் பார்த்ததும், அந்த வாக்குகளுக்காகவே மறுபடி அமைச்சராக்கியதும் இதன் தொடர்ச்சி.

இப்போது கடைசி நிறுத்தத்தில் புது நிழற்குடை கட்டி, அவர் பெயரை வைக்கப்போகிறார்கள். மேட்டுக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவியான தையல்காரம்மா முந்தின நாள்தான் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மேல் கீலை முடுக்கி முடித்தபோது அப்பா சொன்னார்: "அந்தப் பேர வைக்கக் கூடாதும்மா."

"ஏம்ப்பா?"

"நான் அவங்களுக்காக எழுந்திருக்கல. பழக்கதோஷம். பதினாலு வருஷம் எதிர்க்கட்சி வரிசையில உட்கார்ந்தவன். 'எதிர்ப்பவர்கள்'னு காதுல விழுந்துது, கால் தானா எழுந்துடுச்சு."

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"எழுந்தது சரி. ஏன் உட்காரல?"

"வெக்கம். அவையே சிரிச்சுது. உட்கார்ந்தா இன்னும் சிரிப்பாங்களேன்னு நின்னுட்டேன். மறுநாள் பத்திரிகைல தியாகின்னு போட்டாங்க. நானும் இல்லேன்னு சொல்லல."

"சரி, இப்ப எதுக்கு?"

"பேர் மாட்டிட்டா இறக்க முடியாது. வியாழக்கிழமை மேட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். நீ வராதே."

அம்மா எட்டிப் பார்த்தாள். "இத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்க. இப்ப போய் அவங்க மனச ஏன் உடைக்கறீங்க?" அவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் மின்தூக்கிகளைச் சோதிக்கும் பொறியாளர். பழுது என்றால் காரணம் தேடுவது என் பிழைப்பு. எழுந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. உட்காராததற்கு அவர் சொன்ன காரணம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த மனிதர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு கால்களில் இரண்டு விதச் செருப்பைப் போட்டுக்கொண்டு மேடையேறி, கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தவர்.

எதிர்க்கட்சியில் அவருக்கு ஒரு நண்பர் உண்டு. அவையில் வாய்ச்சண்டை, வெளியே ஒரே தட்டில் சாப்பாடு. அப்பா அவரைப் பங்காளி என்பார், எனக்குப் பெரியப்பா. துக்கம் கேட்க வந்தவரை மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அப்பா தெரியாமத்தான எழுந்தாரு?"

"உன்கிட்ட சொல்லிட்டானா?" பெரியப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். "தூங்கி வழிஞ்சுட்டு இருந்தான். நேர் எதிர்ல இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? எழுந்த பிறகுதான் முழிச்சான். முழி பிதுங்கிடுச்சு."

"அவை சிரிச்சதால வெக்கப்பட்டு நின்னாராம்."

பெரியப்பா யோசித்தார். "அப்ப யாரும் சிரிக்கலையே. அவைத்தலைவர் எண்ணுறத நிறுத்திட்டார். 'அமைச்சர் தவறுதலா எழுந்துட்டாரா? உட்காரணும்னா உட்காரலாம்'னார். ஒரே நிசப்தம். இவன் என்னப் பார்த்தான். நான் உட்காருடான்னு கையக் காட்டினேன். பங்காளின்னாலும் பாவம், பதவி போயிடுமே."

"அப்புறம்?"

"குனிஞ்சு மேசையப் பார்த்தான். நிமிர்ந்து, 'எண்ணுங்க'ன்னான். அப்புறம்தான் சிரிப்பு."

"ஏன் பெரியப்பா?"

"கேக்காம இருப்பேனா? எத்தனையோ தடவ கேட்டாச்சு. கால் மரத்துப்போச்சுடாம்பான். ஒரு தடவகூட ஒழுங்கா பதில் சொல்லல."

கீழே இறங்கியபோது கூடத்தில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். மேட்டில் தைக்கும் பள்ளிச் சீருடைகளை மூட்டையாகக் கட்டி அந்தப் பேருந்தில்தான் இறக்குவார். அவர் குடும்பம் நடப்பது அதில்தான்.

"வியாழக்கிழமை வர்றேன்னு போன் பண்ணாரும்மா. பேரு எழுதறத நிறுத்தி வைங்க, ஒரு விஷயம் சொல்லணும்னாரு. பெயின்டர் சும்மா நிக்கிறாரு. என்ன விஷயம்மா?"

அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

நான் சொன்னேன். பழக்கம், தானாக எழுந்த கால், வெட்கம். அப்பா என்னிடம் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். தையல்காரம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். பிறகு பெரியப்பா சொன்னதையும் சொன்னேன்: தூக்கம், அவைத்தலைவர் கேட்டது, 'எண்ணுங்க' என்றது.

விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்தார்.

"அப்ப எங்களுக்காக நின்னாரா, இல்லையாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவுக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் வியாழக்கிழமை மேட்டுக்குப் போவதாக இருந்தார்.